வடித்த சோறா, குக்கர் சோறா, ரைஸ் குக்கரா: எந்த வீட்டுக்கு எது ஒத்துவரும்?

புதிதாகக் குடித்தனம் தொடங்குபவர்கள், வயதான பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்கள், தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதை அண்மையில் அறிந்தவர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு சொற்களில் கேட்கிறார்கள்: அன்றாடச் சோற்றை எதில் சமைப்பது? குழம்புக்கும் பொரியலுக்கும் எத்தனையோ குறிப்புகள் கிடைக்கின்றன. ஆனால் தட்டில் பாதிக்கு மேல் இடம்பிடிக்கும் சோற்றை உலை வைத்து வடிப்பதா, பிரஷர் குக்கரில் வைப்பதா, மின்சார ரைஸ் குக்கர் வாங்குவதா என்பதைப் பெரும்பாலோர் யோசித்து முடிவெடுப்பதில்லை. பிறந்த வீட்டில் பார்த்த வழக்கத்தையோ, திருமணத்துக்குச் சீராக வந்த பாத்திரத்தையோ அப்படியே தொடர்கிறார்கள்.

இந்த மூன்று முறைகளையும் பல ஆண்டுகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியவள் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோற்றில் எதை ஊற்றிப் பிசையப் போகிறோம் என்பதும், சோறு வேகும் நேரத்தில் அடுப்படியில் யார் நிற்கப் போகிறார்கள் என்பதும்தான் இந்த முடிவைத் தீர்மானிக்க வேண்டும். விலையும் மற்ற வசதிகளும் அவற்றுக்குப் பிறகே வர வேண்டும்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது பதம். சாம்பாருக்கும் வத்தக்குழம்புக்கும் ஒன்றோடொன்று ஒட்டாத, ஆனால் நசுக்கினால் நடுவில் அரிசி தட்டுப்படாத சோறு வேண்டும். தயிர்சாதத்துக்கும் குழந்தைக்கு ஊட்டும் பருப்புச் சோற்றுக்கும் அது குழைந்திருக்க வேண்டும். எலுமிச்சைச் சாதத்துக்கும் புளியோதரைக்கும் உதிரி உதிரியாக நிற்க வேண்டும்.

இரண்டாவது, அடுப்பருகே ஆள் நிற்க வேண்டிய நேரம். இதை மொத்தச் சமையல் நேரத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நாற்பது நிமிடம் தானாக வேகும் சோற்றைவிட, பதினைந்து நிமிடம் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டிய சோறு காலை நேரத்தில் பெரிய சுமை. மூன்றாவது எரிபொருள். நான்காவது, கொதிக்கும் பாத்திரத்தைக் கையாளத் தேவைப்படும் கைவலு. ஐந்தாவது சத்து. ஆறாவது, சோறு மிஞ்சினால் அது மறுவேளைக்கு ஆகுமா என்பது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, வீட்டில் இருப்பது என்ன அரிசி என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் 'பொன்னி' என்ற ஒரே பெயரில் விற்கும் மூட்டைகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி ஒன்று. 'பாபட்லா பொன்னி' என்று வருவது ஆந்திரத்தின் பாபட்லாவில் உருவான பி.பி.டி. 5204 என்னும் வேறொரு ரகம். இரண்டுக்கும் நீரளவு சற்று மாறும். அதைவிட முக்கியமாக, பச்சரிசியா புழுங்கலரிசியா, புது அரிசியா ஓராண்டு பழகிய அரிசியா என்பவை எந்தப் பாத்திரத்திலும் முடிவையே மாற்றிவிடும். புது அரிசி குறைந்த நீரிலேயே குழைந்துவிடும். பழைய அரிசி நீரை அதிகம் குடித்து, உதிரியாக நிற்கும். "குக்கர் சரியில்லை" என்று என்னிடம் குறைபட்டவர்களில் பலருக்கு உண்மையில் மாறியிருந்தது அரிசி மூட்டைதான்.

| அளவுகோல் | உலை வைத்து வடிப்பது | பிரஷர் குக்கர் | மின்சார ரைஸ் குக்கர் |
|---|---|---|---|
| ஒரு பங்கு புழுங்கலரிசிக்கு நீர் | 5 முதல் 6 பங்கு | 3 பங்கு | 2½ முதல் 3 பங்கு |
| ஒரு பங்கு பச்சரிசிக்கு நீர் | 5 பங்கு | 2 பங்கு | 2 பங்கு |
| ஊறிய அரிசி வேகும் நேரம் | பச்சரிசி 10–12 நிமிடம், புழுங்கல் 20–25 நிமிடம் | ஆவி அடங்கும் நேரமும் சேர்த்து 25 நிமிடம் | 25–40 நிமிடம் |
| ஆள் நிற்க வேண்டியது | ஏறக்குறைய முழு நேரமும் | தீயைத் தணிக்கவும் அணைக்கவும் மட்டும் | பொத்தானை அழுத்த மட்டும் |
| இயல்பாகக் கிடைக்கும் பதம் | உதிரி | மென்மை, சற்று ஒட்டும் | மென்மை, அடியில் சற்றுக் கெட்டி |
| கைவலு | அதிகம் வேண்டும் | ஓரளவு | மிகக் குறைவு |
| மிஞ்சிய சோறு | பழைய சோற்றுக்கு மிக நன்று | ஆறினால் கட்டியாகும் | ஒரு வேளை வரை சூடாக வைக்கலாம் |
| கணக்கில் வராத செலவு | எரிவாயு, நேரம் | கேஸ்கட், வால்வு | உட்பாத்திரத்தின் பூச்சு, மின்வெட்டு |

## உலை வைத்து வடிப்பது

கும்பகோணம் பக்கத்தில் நான் வளர்ந்த வீட்டில் சோறு வடிக்கும் துளைத்தட்டைச் சிப்பல் என்போம். வேறு ஊர்களில் சிப்பித்தட்டு என்றும் கஞ்சி வடிதட்டு என்றும் கேட்டிருக்கிறேன். பெயர் எதுவானாலும் முறை ஒன்றுதான். அரிசியைக் களைந்து அரை மணி நேரம் ஊறவைத்து, ஐந்தாறு மடங்கு நீர் தளதளவென்று கொதித்த பிறகே உலையில் இட வேண்டும். கொதி வருவதற்கு முன் அரிசியைப் போட்டால் அது வெதுவெதுப்பான நீரிலேயே அதிக நேரம் கிடந்து, மேல்புறம் கரைந்து உள்புறம் வேகாமல் நிற்கும்.

பதம் பார்ப்பதில்தான் கைப்பழக்கம் தேவைப்படுகிறது. கரண்டியால் நாலு பருக்கையை எடுத்து, ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் நூல்போல வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிந்தால் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் வேக வேண்டும். அந்தக் கோடு மறையும் தறுவாயில் இருந்தால் அதுவே வடிக்க வேண்டிய நேரம். முழுவதும் மறைந்த பிறகு வடிப்பதுதான் புதிதாகப் பழகுபவர்கள் செய்யும் பிழை, ஏனெனில் கவிழ்த்து வைத்த பானைக்குள் இருக்கும் ஆவியில் சோறு மேலும் வேகும். பதம் சற்றுத் தாண்டிவிட்டதாகத் தோன்றினால், வடிப்பதற்கு முன் ஒரு குவளை குளிர்ந்த நீரை ஊற்றினால் வேகுதல் அங்கேயே நிற்கும். வடியும் கஞ்சி முதலில் கனமாகவும், பிறகு நூலாகவும், கடைசியில் சொட்டாகவும் இறங்கும். சொட்டும் நின்ற பிறகு பானையை நிமிர்த்தி, மிகச் சிறிய தீயில் ஒரு நிமிடம் வைத்து இறக்கினால் அடிச்சோற்றில் தங்கிய ஈரமும் வற்றிவிடும். இப்படி வடித்த புழுங்கலரிசிச் சோறு, வத்தக்குழம்பை ஊற்றிப் பிசையும்போது பருக்கை உடையாமல் குழம்பை ஏற்றுக்கொள்ளும். அந்த நயம் வேறு இரண்டு முறைகளிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இதற்கான விலையையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். கால் கிலோ அரிசிக்கு நாம் வைப்பது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர். அதில் பாதியளவு கஞ்சியாக இறங்கிவிடுவதால், அதைச் சூடாக்கிய எரிவாயுவும் அதனோடு போகிறது. திறந்த பானையில் இருபது நிமிடம் கொதிக்க விடும்போது ஆவியோடு போகும் வெப்பம் தனி. எரிவாயு உருளை எத்தனை நாள் வருகிறது என்று கணக்குப் பார்க்கும் வீடுகளில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது விலை உடல் சார்ந்தது. மூன்று நான்கு கிலோ எடையுள்ள கொதிக்கும் பானையை இரு கைகளாலும் பிடித்து, தட்டு நழுவாமல் சாய்ப்பது சாதாரண வேலை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் பிடிதுணி ஈரமாக இருந்ததைக் கவனிக்காமல் பானையைச் சாய்த்தேன். ஈரத்துணி வழியாகச் சூடு சுரீரென்று ஏற, பிடி தளர்ந்து, கஞ்சி என் இடது பாதத்தில் கொட்டியது. கஞ்சி வெந்நீரைப் போல வழிந்து ஓடாது, தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் புண்ணும் ஆழமாகும். அன்று முதல் காய்ந்த துணியை மட்டுமே பயன்படுத்துகிறேன். பானையையும் மேடையில் வைத்துச் சாய்க்காமல், தொட்டிக்குள் ஒரு வாய் அகன்ற பாத்திரத்தின் மேல் சாய்த்து நிறுத்துகிறேன். மணிக்கட்டு வலியோ மூட்டுத் தேய்வோ உள்ளவர்கள் இந்த முறையை விட்டுவிடுவதே நல்லது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

சத்தைப் பொறுத்தவரை, நீரில் கரையும் பி வகை வைட்டமின்களில் ஒரு பகுதி கஞ்சியோடு போய்விடும். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் போன்றவை அரிசியின் உட்புறத்துக்கு நகர்ந்துவிடுவதால், புழுங்கலரிசியில் இந்த இழப்பு பச்சரிசியைவிடக் குறைவு. கஞ்சியைக் குடிப்பவர்களுக்கு இழப்பு பெரிதாக இல்லை. ரேஷன் அரிசியில் செறிவூட்டப்பட்ட மணிகள் கலந்திருந்தால், அதாவது இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணிகள் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருந்தால், நீரை அளந்து வைத்து வற்றவிடும் முறையே அதற்குப் பொருத்தம். அந்த மணிகள் நிறத்திலும் வடிவத்திலும் சற்று வேறுபட்டிருப்பதைக் கண்டு, "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை எறிய வேண்டியவை அல்ல.

கஞ்சி வடித்தால் சர்க்கரை குறையுமா? இதுவே என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. கஞ்சியில் இறங்குவது அரிசியின் மாவுச்சத்தில் சிறு பகுதி மட்டுமே. பெரும்பகுதி பருக்கைக்குள்ளேயே இருக்கிறது. வடித்த சோறு என்பதற்காக இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால், வடித்ததன் பயன் அந்த ஒரு கரண்டியிலேயே தீர்ந்துவிடும். சர்க்கரை நோயாளிகள் பாத்திரத்தை மாற்றுவதற்கு முன் சோற்றின் அளவைக் குறைத்து, அந்த இடத்தைப் பொரியலாலும் பருப்பாலும் நிரப்புவதைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் ரைஸ் குக்கரைத் தூக்கி ஓரம் வைக்க வேண்டியதில்லை.

## பிரஷர் குக்கர்

மூடிய பாத்திரத்தில் ஆவியின் அழுத்தம் ஏறும்போது நீரின் கொதிநிலையும் ஏறும் என்பதே இதன் அடிப்படை. பிரெஞ்சு அறிவியலாளர் டெனி பாப்பின் 1679இல் செய்து காட்டிய கருவியும் இதே வழியில்தான் இயங்கியது. வீட்டுக் குக்கரில் நீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை சூடேறுவதால் அரிசியும் பருப்பும் விரைவாக வேகின்றன. எரிவாயுச் சிக்கனத்தில் மூன்றில் இதுவே முதலிடம் பெறும், அதுவும் சோற்றையும் பருப்பையும் காயையும் ஒரே அடுக்கில் வைப்பவர்களுக்கு.

அந்த அடுக்கில்தான் ஒரு நுட்பம் இருக்கிறது. துவரம்பருப்பு வேகும் நேரமும் ஊறிய புழுங்கலரிசி வேகும் நேரமும் ஏறக்குறைய ஒத்துப்போகும். ஆனால் பச்சரிசி அதற்குள் குழைந்து கூழாகிவிடும். பச்சரிசி சமைக்கும் வீடுகளில் பருப்பை முன்கூட்டியே அரை மணி நேரம் ஊறவைத்தாலோ, பருப்பைத் தனியாக வைத்தாலோதான் சோறு தப்பும். குக்கர் சோறு எப்போதும் குழைகிறது என்று சலிப்பவர்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது விசில் கணக்கு. "மூன்று விசில்", "ஐந்து விசில்" என்பவை ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குக் கொண்டுசெல்லத் தக்க அளவுகள் அல்ல. தீ பெரிதாக இருந்தால் மூன்று விசிலும் நான்கு நிமிடத்தில் வந்துவிடும், அரிசி வெந்திருக்காது. தீ சிறிதாக இருந்தால் ஒரு விசில் வருவதற்குள் எல்லாம் வெந்து முடிந்திருக்கும். முதல் விசில் வந்தவுடன் தீயைக் குறைத்து, பச்சரிசிக்கு ஐந்து நிமிடமும் புழுங்கலரிசிக்கு எட்டு முதல் பத்து நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்து வைத்து, பிறகு அணைத்து, ஆவி தானாக அடங்கும் வரை காத்திருப்பதே நம்பத்தக்க முறை. ஆவி அடங்குவதற்குள் வெயிட்டைத் தூக்கி விட்டால் சோற்றின் மேற்புறம் நீர் கோத்துக்கொள்ளும். சூடான ஆவி கையில் படும் ஆபத்தும் உண்டு.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது கேஸ்கட். அது நாளடைவில் விறைத்து, ஓரத்தில் ஆவி கசியத் தொடங்கினால் விசில் வராது, அடியில் நீர் வற்றி, குக்கர் கறுக்கும். இரண்டாவது பாதுகாப்பு வால்வு. இவ்விரண்டையும் அந்தந்தக் குக்கருக்கு உரிய அசல் உதிரிபாகமாகவே மாற்ற வேண்டும். வீட்டுக் குக்கருக்கு ஐ.எஸ். 2347 என்ற தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுவது கட்டாயம். வெயிட் பொருந்தும் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மறுபுறம் தெரிகிறதா என்று பார்க்கும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அரிசி நுரைத்துப் பொங்கும் பண்டம் என்பதால், அதன் நுரை காய்ந்து அந்தக் குழாயை அடைத்துக்கொள்ளும். குக்கரிலேயே நேராக அரிசி வைப்பவர்கள் நீரும் அரிசியும் சேர்ந்து பாதி உயரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலை எட்டு மணிக்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்ட வேண்டிய வீட்டுக்கும், நாலு பேருக்கு மேல் உள்ள வீட்டுக்கும் இதுவே சரி. ஒருவருக்கோ இருவருக்கோ ஐந்து லிட்டர் குக்கரை ஏற்றி இறக்குவதில் பயனில்லை. அவர்களுக்கு இரண்டு அல்லது மூன்று லிட்டர் போதும்.

## மின்சார ரைஸ் குக்கர்

ஜப்பானில் 1955இல் தோஷிபா நிறுவனம் தானாக அணையும் ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த ஊரின் குட்டை அரிசி, அளந்து வைத்த நீரை முழுவதும் உறிஞ்சி ஒட்டும் பதத்துக்கு வருவது; வடிக்கும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. இந்தப் பிறப்பை நினைவில் வைத்தால், இதில் பச்சரிசி ஏன் எளிதாக வருகிறது, புழுங்கலரிசி ஏன் முரண்டு பிடிக்கிறது என்பது விளங்கிவிடும். பாத்திரத்தில் நீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நீர் வற்றியதும் அடிப்பகுதியின் சூடு ஏறுவதை உணர்ந்து பொத்தான் மேலே எழும்பிவிடும். அரிசி வெந்ததா என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது, நீர் வற்றியது மட்டுமே தெரியும். ஆகவே புழுங்கலரிசியை ஊறவைக்காமல் போட்டால், நீர் தீர்ந்தும் நடு வேகாத சோறு கிடைக்கும். அதை ஈடுகட்ட நீரைக் கூட்டினால் மூடியின் துளை வழியே கஞ்சி பொங்கி மேடையெல்லாம் வழியும். ஒரு மணி நேரம் ஊறவைப்பதும், பாத்திரத்தின் கொள்ளளவில் பாதிக்கு மேல் போடாமல் இருப்பதும், பொத்தான் எழும்பிய பிறகு பத்து நிமிடம் மூடியைத் திறக்காமல் விடுவதும் இதற்குத் தீர்வு.

மின்செலவு பலர் அஞ்சும் அளவுக்கு இல்லை. 700 வாட் கருவி அரை மணி நேரம் ஓடினால் 0.35 யூனிட், நாளுக்கு இரு வேளை என்றால் இரண்டு மாதத்துக்கு 42 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்பதால் குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் வீட்டில் இது பொருட்டாகவே தெரியாது. ஏசி ஓடும் வீட்டில் கணக்கு வேறு: அங்கு மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும், அந்த 42 யூனிட்டே எல்லையைத் தாண்ட வைக்கவும் கூடும். மின்வெட்டு அடிக்கடி நேரும் ஊரில் இருப்பவர்கள் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

உட்பாத்திரத்தின் ஒட்டாத பூச்சே இதன் உண்மையான ஆயுள். அதில் நேராக அரிசியைக் களைவதும், எவர்சில்வர் கரண்டியால் சுரண்டுவதும் பூச்சைக் கீறிவிடும். அரிசியை வேறு பாத்திரத்தில் களைந்து, உட்பாத்திரத்தின் அடியைத் துணியால் துடைத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். ஈரத்தோடும் ஒட்டிய பருக்கையோடும் வைத்தால் சூட்டுத்தட்டு கெடும், சோறும் ஒருபுறம் மட்டும் வேகும்.

தனியாக இருப்பவர்கள், விடுதியிலும் அறையிலும் தங்கிப் படிப்பவர்கள், மறதி தொடங்கிய முதியவர்கள், மூன்று மாதக் குழந்தையைக் கையில் வைத்திருக்கும் தாய்மார்கள் ஆகியோருக்கு இதற்கு நிகர் வேறில்லை. அடுப்பை அணைக்க மறந்துவிடுவோமோ என்ற பயமே ஒரு முதியவரின் பகல் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதை, அப்படி ஒருவரோடு வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

நான்காவதாகத் தெர்மல் குக்கர் என்ற ஒன்றும் இருக்கிறது. உலையில் பத்து நிமிடம் கொதித்த அரிசியைப் பாத்திரத்தோடு வெப்பம் காக்கும் கூட்டுக்குள் வைத்து மூடினால், ஒரு மணி நேரத்தில் தீயின்றியே வெந்துவிடும். பிறகு வடிக்க வேண்டும். கேரளத்து மட்டை அரிசிக்கும் மாப்பிள்ளைச் சம்பா போன்ற தடித்த அரிசிக்கும் இது மிக நல்ல துணை. வடிக்கும் வேலை அப்படியே இருப்பதால் கைவலு இல்லாதவர்களுக்கு இதனால் பயனில்லை.

## மிஞ்சிய சோறு

பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் அரிசியில் தங்கியிருக்கும். சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை பெருகி வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். ஆகவே ரைஸ் குக்கரில் சூடாக வைப்பதென்றால் கை வைக்க முடியாத சூட்டில் இருக்க வேண்டும். அணைத்துவிட்டு மூடியே வைத்திருப்பதுதான் மூன்று முறைகளிலும் மிகக் கெட்ட பழக்கம். வடித்த சோற்றை இரவில் நன்றாக ஆறவிட்டு நீர் ஊற்றி வைத்தால் காலையில் பருக்கை முழுதாக நிற்கும் பழைய சோறு கிடைக்கும். குக்கர் சோற்றில் அதே நீர் கலங்கிக் கூழாகிவிடும். பழைய சோறு வழக்கமாக உண்ணும் வீடு வடிப்பதை விடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

## மூன்று பதத்துக்கு மூன்று குறிப்புகள்

எலுமிச்சைச் சாதம் (வடித்த சோறு). 200 கிராம் பச்சரிசியை வடித்து, அகலமான தட்டில் பரப்பி, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் தெளித்து ஆறவிட வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, ஒரு மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, இரண்டு மேசைக்கரண்டி வேர்க்கடலை, கீறிய பச்சைமிளகாய் மூன்று, பொடியாக நறுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள் ஆகியவற்றை வரிசையாகத் தாளித்து அடுப்பை அணைத்துவிட வேண்டும். சூடு சற்றுத் தணிந்த பிறகே இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாற்றை ஊற்ற வேண்டும். கொதிக்கும் எண்ணெயில் ஊற்றினால் சாறு கசக்கும். உப்பும் சோறும் சேர்த்துக் கிளறி, கால் மணி நேரம் விட்டுப் பரிமாறினால் புளிப்பு உள்ளே ஊறியிருக்கும்.

தயிர்சாதம் (பிரஷர் குக்கர்). ஒரு பங்கு பச்சரிசிக்கு நான்கு பங்கு நீர் வைத்துக் குழைய விட்டு, சூடாக இருக்கும்போதே மத்தால் மசித்து, அரைப் பங்கு காய்ச்சிய பால் ஊற்ற வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு ஒன்றரைப் பங்கு புளிக்காத தயிரும் உப்பும் சேர்க்கலாம். பயணத்துக்குக் கட்டுவதென்றால் பாலைக் கூட்டித் தயிரை இரண்டு கரண்டியாகக் குறைத்தால், சாப்பிடும் நேரத்துக்கு அதுவே தோய்ந்து, புளிக்காமல் இருக்கும்.

வடிகஞ்சி. வடித்த சூட்டிலேயே ஒரு குவளை கஞ்சியில் உப்பும் ஒரு பிடி சோறும் போட்டு, நான்கு சின்ன வெங்காயத்தை நசுக்கிச் சேர்த்து, ஆறியதும் மோர் ஊற்றிக் குடிக்கலாம். உப்பு போடாத மீதிக் கஞ்சியில் நீர் கலந்து பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடலாம். தொட்டியில் அப்படியே கொட்டினால் குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும்.

## எங்கள் வீட்டில் எடுத்த முடிவு

அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டியபோது அவருடைய மணிக்கட்டு பானையைத் தாங்கவில்லை. ஆனாலும் குக்கர் சோறு தொண்டையில் இறங்காது என்று உறுதியாக இருந்தார். ரைஸ் குக்கர் வாங்கிக் கொடுத்தேன். முதல் வாரம் முழுவதும் புழுங்கலரிசி ஒரு நாள் விறைத்தும் ஒரு நாள் பொங்கியும் வந்தது. ஒவ்வொரு நாளும் நீரைக் கால் டம்ளர் மாற்றி மாற்றிப் பார்த்தோம். அவர் வாங்கும் அரிசிக்கு ஒரு மணி நேர ஊறலும் ஒரு டம்ளருக்கு இரண்டேமுக்கால் டம்ளர் நீரும் என்று எட்டாம் நாள் நிலைத்தது. பொத்தான் எழும்பிப் பத்து நிமிடம் கழித்து, சோற்றை அகப்பையால் கிளறாமல் தட்டில் பரப்பி ஆறவிட்டால் ஏறக்குறைய வடித்த சோறு மாதிரி இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

நான் ஊருக்குப் போகும் நாட்களில் மட்டும் உலை வைத்து வடிக்கிறேன், இரவுக்கு நீர் ஊற்றி வைக்கும் அளவுக்கு ஒரு ஆழாக்கு கூடுதலாகப் போட்டு. அந்த எட்டு நாள் அளவுகளை எழுதிய தாள் இன்னும் அம்மாவின் அரிசி டின் மூடியில் ஒட்டியிருக்கிறது. மூட்டை மாறும்போதெல்லாம் பழைய எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் புது எண்ணை எழுதிவைக்கிறார்.